கறிவேப்பிலைத் தொட்டியும் 90 மி.மீ. மேக்ரோவும்

ஜூலை 6, 2024, சனி. தாம்பரம்

மிகக் கிட்டத்தில் வைத்துப் படமெடுக்க உதவும் டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருளின் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி, எடுக்கலாம். என் நிக்கான் கேமராவில் படம் பதியும் சென்சார் ஏறக்குறைய 24 மி.மீ. அகலம். அதனால் 24 மி.மீ. நீளமுள்ள எதுவும் படத்தின் அகலம் முழுவதையும் நிறைத்துவிடும். மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டிதான் முதலில் கண்ணில் பட்டது. இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால், அட, கால்கள்! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வகையின் இளம்புழு. பறவைகள் கொத்தாமலிருக்கத்தான் இந்த வேஷம்.

ஜூலை 7, ஞாயிறு

காலையிலேயே மாடி. இவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8க்கு அகலத் திறந்து வைத்தால் கால் மில்லிமீட்டர்கூட தெளிவாக விழாது. எஃப் 11க்குச் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு கிடைக்கும், ஆனால் வெளிச்சம் போதாது. ஒன்றுக்கு ஒன்று அளவில் லென்ஸே சுமார் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது முக்கால்வாசியை, விழுங்கிவிடுகிறது. ஃபிளாஷ் முன்னால் டிரேசிங் பேப்பரை வளைத்து ஒட்டியதும் நிழல் மென்மையானது. ஃபோகஸ் வளையத்தைத் தொடவே இல்லை. உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத்தான் எடுத்தேன். காற்று அடிக்கும்போது கிளையை இடது கையால் பிடித்துக்கொள்வது நல்ல வழி.

ஜூலை 10, புதன்

மாலையில் தெருமுனைப் பூக்கடை அக்காவிடம் கேட்டு, அவர் மல்லி கட்டுவதை எடுத்தேன். "மூஞ்சி வேணாம், கையை எடு தம்பி" என்றார். வாழைநார் விரலிடுக்கில் சுழலும் வேகத்துக்கு 1/500 நொடி ஷட்டர் தேவைப்பட்டது. மேக்ரோ என்றால் பூச்சிக்கு மட்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டடி தள்ளி நின்றால் இது அருமையான போர்ட்ரெய்ட் லென்ஸ்.

ஜூலை 14, ஞாயிறு

புழு தோலுரித்துப் பச்சையாகிவிட்டது. முன்பக்கம் பெரிய கண் போன்ற புள்ளிகள். கேமராவின் ஆட்டோஃபோகஸ் அங்கேயே போய் நின்றது. அவை கண்ணே அல்ல, எதிரியை மிரட்டும் பொய்க்கண். நிஜக் கண்கள் கீழே மடங்கிய தலையில், பக்கத்துக்கு ஆறாக, கடுகைவிடச் சிறிய புள்ளிகள். மேனுவலுக்கு மாறித் தொட்டித் தரைமட்டத்துக்கு இறங்கி அவற்றைப் பிடித்தேன். இலை அசைந்ததும் தலைக்குப் பின்னாலிருந்து கிளைத்த சிவந்த உறுப்பை நீட்டியது. அதன் வாடை எனக்கே எட்டியது! இந்தப் பூச்சி எத்தனை ஏற்பாட்டோடு பிறந்திருக்கிறது.

ரசத்துக்கு இந்தக் கிளையில் பறிக்க வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்து கூட்டுப்புழு. பட்டுநூலை இடுப்பில் சுற்றிக் குச்சியோடு சாய்ந்து நிற்கும், அசையாது. அப்புறம் டிரைபாடில் எஃப் 5.6 வைத்து, ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றை ஒரே படமாக அடுக்கிப் பார்க்க வேண்டும்.