உள்தாழ்ப்பாள்

புயல் முகாம் திறந்ததும் எல்லோரும் எண்ணுவது சாப்பாட்டுப் பொட்டலத்தை. நாங்கள் முதலில் போய்ப் பார்ப்பது பெண்கள் கழிப்பறைக் கதவை. டெல்டாவில் முகாம் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். கதவு இருக்கும், உள்தாழ்ப்பாள் இருக்காது. அதனால் பெண்கள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரைத் தொடமாட்டார்கள். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு. கர்ப்பிணிக்கு அந்தத் தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் மாதம் நிறையும் முன்பே வலி எடுத்துவிடலாம். மாத்திரையோடு தாழ்ப்பாளும் போட்டால்தான் அது வைத்தியம். பி.வி.சி. கதவில் திருகாணி நிற்காது. துளை போட்டு நட்டு போல்ட்டு முடுக்க வேண்டும்.

விளக்கையும் யோசித்துத்தான் போட வேண்டும். கழிப்பறை வாசலில் மட்டும் வெளிச்சம் இருந்தால் சீட்டாட ஆண்கள் அங்கே கூடுவார்கள். பெண்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். போகும் வழி முழுக்க விளக்கு வேண்டும், செல்போன் சார்ஜ் போடும் இடம் எதிர் மூலையில். ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்களுக்கு மூன்று என்பது சர்வதேசக் கணக்கு. நாப்கின் லாரியில் வந்து இறங்கும், உள்ளாடை வராது. கட்டின துணியோடு வந்தவள் அதை எதில் வைப்பாள்?

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். அந்தப் பெருமைதான் புயலில் நம்மைக் கவிழ்க்கிறது: முகாமில் தொப்புள்கொடி அறுக்க ஒரு புது பிளேடுகூட இருக்காது. பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது சரி. ஆனால் தேதி பார்த்தா வலி வருகிறது? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், மரம் விழாத சாலை அபூர்வம். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி நின்றால் அதன் வீரியம் குறையும். அதற்குத்தான் குளிர்பெட்டி தேவைப்படாத மிசோப்ரோஸ்டால்: 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று, குழந்தை பிறந்தவுடன் வாய்வழி. வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று நர்ஸ் தொட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பிரசவப் பையில் கூடவே சோப்பு, கையுறை, பிளாஸ்டிக் விரிப்பு, தொப்புள்கொடி கட்ட இரண்டு நூல், சுத்தமான துணி.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரிடம் முதலில் எஃப்.ஐ.ஆர். கேட்பது பெருந்தவறு. சிகிச்சைக்கு அது தேவையே இல்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை அவகாசம் உண்டு, ஆனால் தள்ளத் தள்ளப் பலன் குறையும். பெண்களுக்கான 181 உதவி எண்ணை முகாம் வாசல் பலகையில் எழுதிப் பயனில்லை, நாலு பேர் பார்க்க நின்று யார் குறித்துக்கொள்வார்கள்? கழிப்பறைக் கதவின் உட்புறம், தாழ்ப்பாளுக்கு மேலே ஒட்டுங்கள்.