கேள்விச் சொற்களோடு ஆறு வாரம்

பென்னாகரத்தில் ஒகேனக்கல் போகும் சாலையை ஒட்டி எங்கள் டீக்கடை. சனி, ஞாயிறு ஆனால் பெங்களூரு வண்டிகள் வந்து நிற்கும். பரிசல் எத்தனை மணி வரைக்கும், தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பாதிப் பேர் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். கேட்பது எனக்குப் புரியும், திருப்பி ஒன்று கேட்கத்தான் வராது. ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம் இலக்கணத்தைக் கையில் எடுத்தேன். மகளின் பழைய ஏழாம் வகுப்பு நோட்டு, காலையில் பால் காயும் நேரம், அவ்வளவுதான்.

முதல் வாரம் வாட், வேர், வென், ஒய், ஹூ, ஹவ் மனப்பாடம். அதில் ஒன்று பிடிபட்டது. நமக்கு அங்கே, இங்கே, எங்கே. முதல் எழுத்து 'எ' ஆனால் கேள்வி. ஆங்கிலத்திலும் தேர்-வேர், தென்-வென், தட்-வாட் என்று அதே மாதிரி ஜோடி போகிறது. அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

வாக்கியம் அமைப்பதில்தான் நாள் பிடித்தது. தமிழில் கேள்விச் சொல் பதிலின் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். 'நேற்று ஒகேனக்கல் போனீர்கள்' என்பதில் ஒகேனக்கல்லை எடுத்துவிட்டு எங்கே என்று வைத்தால் கேள்வி தயார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாக்கியத்தின் முன்னால் போய்விடுகிறது, கூடவே டிட் என்று ஒன்று வருகிறது. நான் 'வேர் டிட் யூ வென்ட்' என்று எழுதி வைத்திருந்தேன். மகள் பார்த்துவிட்டு, "அம்மா, அதான் டிட் வந்திருச்சே, அதுலயே முடிஞ்சுபோன காலம் இருக்கு. அப்புறம் எதுக்கு வென்ட்? கோ போதும்" என்றாள். எந்தப் புத்தகமும் எனக்கு இப்படி விளக்கியதில்லை.

அடுத்து ஹூ. தகடூர்க் கதையையே எடுத்துக்கொண்டேன். 'அதியமான் கேவ் அவ்வையார் அ கூஸ்பெரி.' என்ன கொடுத்தான் என்று கேட்டால் 'வாட் டிட் அதியமான் கிவ் அவ்வையார்?' யார் கொடுத்தது என்றால் 'ஹூ கேவ் அவ்வையார் அ கூஸ்பெரி?' இரண்டாவதில் டிட் இல்லை, கேவ் அப்படியே நிற்கிறது. ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். கொடுத்தவன் பெயர் முதலிலேயே முன்னால்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஹூ உட்கார்ந்துவிட்டால் எதையும் நகர்த்த வேண்டியதில்லை, நம் தமிழைப் போலவே.

ஹவ் மெனி எத்தனை, ஹவ் மச் எவ்வளவு. இது சுலபம். ஆனால் 'இது எத்தனையாவது டீ?' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. எத்தனையாவது எவ்வளவு அருமையான சொல் என்று அப்போதுதான் தோன்றியது.

கடைசி இரண்டு வாரம் அணி. சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம். மலர்முகம் உவமை, திருப்பிப் போட்டு முகமலர் என்றால் உருவகம். ஆங்கிலத்தில் லைக் என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது. 'தி ஸ்ப்ரே இஸ் லைக் ஸ்மோக்' என்று அருவியைப் பற்றி எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒகேனக்கல் என்ற பெயரே உருவகம். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. பாறையில் விழுந்து தெறிக்கும் தண்ணீரைப் புகை என்றே சொல்லிவிட்டார்கள், 'போல' கூட இல்லாமல். இத்தனை வருஷமாகக் கடைப் பலகையில் அந்தப் பெயர் இருக்கிறது.

போன ஞாயிறு ஒரு குடும்பம் வந்தது. டீயை நீட்டிக்கொண்டே, "வென் டிட் யூ ஸ்டார்ட் ஃப்ரம் பெங்களூர்?" என்று கேட்டேன். ஸ்டார்ட் என்று சரியாகவே வந்தது. அந்த அம்மா, "ஃபைவ் ஓ கிளாக்" என்றார். குழந்தை தூங்கிக்கொண்டே வந்ததைச் சொன்னார். நான் அடுத்த கேள்வி கேட்டேன்.