ஃபாயிலைத் தாண்டினால்தான் லேசர்

கிரிப்டான் ஃப்ளூரைடு லேசர் 1975இலேயே ஒளிர்ந்துவிட்டது. 248 நானோமீட்டர் புற ஊதா ஒளி அது. எலக்ட்ரான் கற்றையால் அதை இயக்க முனைகிறவரை இன்றும் அலைக்கழிப்பது, கற்றை பிறக்கும் வெற்றிடத்தையும் லேசர் வாயுவையும் பிரிக்கும் 25 மைக்ரான் ஃபாயில் (மெல்லிய உலோகத் தகடு)தான்.

30 செ.மீ. அகலமும் 100 செ.மீ. நீளமும் உள்ள சாளரத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம் என்றால் ஏறக்குறைய 3 டன் பாரம். தாங்குவதற்குப் பின்னால் உலோகச் சட்டங்கள் வேண்டும். இந்த அமைப்புக்கு ஹிபாச்சி என்று பெயர். சட்டத்தில் மோதிய எலக்ட்ரான் வீண். ஆகவே எலக்ட்ரான்களை உமிழும் மின்முனையான கேத்தோடையே பட்டை பட்டையாகப் பிரித்து, சட்டங்களின் இடைவெளிக்கு நேராக வைக்க வேண்டும். வழிநடத்தும் காந்தப்புலத்தில் கற்றை சற்றே சுழலும் என்பதால், பட்டைகளை அதே அளவு எதிர்த்திசையில் சாய்த்துப் பொருத்த வேண்டும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் எலெக்ட்ரா என்ற கிரிப்டான் ஃப்ளூரைடு லேசர் இப்படித்தான் செய்தது. என் கணக்கில் அதன் மிக அழகான தீர்வு இதுவே.

500 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கற்றை, 25 மைக்ரான் டைட்டானியத்தில் சுமார் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை இழக்கும். எஃகில் இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனாலும் சூடான டைட்டானியத்தை ஃப்ளூரின் அரித்துவிடும், எஃகு பிழைக்கும். நொடிக்கு 5 துடிப்பு என்று ஓட்டினால் இந்த இழப்பு முழுவதும் ஃபாயிலில் சூடாகச் சேரும். வாயுவை வேகமாகச் சுழற்றி, அதன் ஓட்டத்தை ஃபாயில் மேலேயே திருப்பிவிடாமல் அதைக் குளிர்விக்க முடியாது.

ஃபாயில் கிழிவதற்குச் சூடு மட்டும் காரணமல்ல. கேத்தோடில் எழும் பிளாஸ்மா மைக்ரோநொடிக்குச் சில செ.மீ. வேகத்தில் பரவி, கேத்தோடுக்கும் ஃபாயிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கும். துடிப்பு முடிந்தபின் மின்னழுத்தம் மிச்சமிருந்தால் ஒரே புள்ளியில் மின்வில் பாய்ந்து ஊசித்துளை விழும். ஃப்ளூரின் வெற்றிடப் பக்கம் புகுந்து கேத்தோடையும் கெடுக்கும். துடிப்பின் வால் குட்டையாக இருக்கிறதா என்று மின்னழுத்த வரைவில் முதலில் பாருங்கள்.

வாயுவில் பெரும்பங்கு ஆர்கான், பிறகு கிரிப்டான், ஃப்ளூரின் 0.5 விழுக்காட்டுக்குள் போதும். கூட்டினால் ஒளி கூடாது, குறையும். ஃப்ளூரினே 248 நானோமீட்டரை உறிஞ்சும், லேசர் ஒளியைத் தரும் கிளர்ந்த மூலக்கூறுகளையும் அணைக்கும். நிரப்புமுன் அறையை நன்கு வெற்றிடமாக்கி, நீர்த்த ஃப்ளூரினைச் சிறிதளவு விட்டு, சில மணி நேரம் வைத்து வெளியேற்றுங்கள். அழுத்தம் குறையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஈரம் எஞ்சினால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகி, லேசர் ஒளி வெளியேறும் சிலிக்கா சாளரத்தை மங்கச் செய்யும். கால்சியம் ஃப்ளூரைடு சாளரம் இதற்குத் தாக்குப்பிடிக்கும்.

கற்றை பாயும்போதெல்லாம் எக்ஸ் கதிர் வரும். ஈயத் தடுப்பு இல்லாமல் ஒரு துடிப்புகூட விடக்கூடாது.