'யாமே' சொல்ல ஆள் இல்லை

6 ஜனவரி 2025, திங்கள்

11 வருடம் ஷோட்டோகான் கராத்தே. இன்றுதான் முதல் முறையாகக் கிக்பாக்ஸிங் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. முதல் ரவுண்டிலேயே என் கியாகு சுகி (பின்கையால் விடும் நேர்குத்து) எதிராளியின் வயிற்றில் சுத்தமாக விழுந்தது. விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். கராத்தே பாய்ன்ட் போட்டி என்றால் அந்த இடத்தில் நடுவர் 'யாமே', அதாவது 'நிறுத்து' என்பார், இருவரும் அவரவர் கோட்டுக்குத் திரும்புவோம். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நொடி எதிராளியின் ஹுக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, என் தாடையில். குத்தின் வலி இரவுக்குள் போய்விட்டது. நின்றுவிடும் பழக்கம் உடம்பில் இவ்வளவு ஊறியிருக்கிறதே என்பதுதான் தூங்கவிடவில்லை.

9 ஜனவரி, வியாழன்

இடது தொடை கன்றிப்போய்ப் படி இறங்க முடியவில்லை. எல்லாம் லோ கிக். ஜென்குட்சு தாச்சியில், அதாவது கராத்தேயின் நீண்ட முன்நிலையில், முன்காலில்தான் எடை அதிகம். பாய்ன்ட் போட்டியில் தொடையில் உதைத்தால் பாய்ன்ட் இல்லை, அதனால் அந்தக் காலைக் காக்கும் யோசனையே வந்ததில்லை. நிலையைக் குறுக்கினால்தான் காலைத் தூக்கிக் கணைக்கால் எலும்பில் தடுக்க முடிகிறது.

18 ஜனவரி, சனி

லியோட்டோ மச்சிடா 2009 மே மாதம் ரஷாட் எவன்ஸை வீழ்த்தி யூஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி) பட்டம் வென்ற சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பாவிடம் ஷோட்டோகான் கற்றவர். கை எட்டாத தூரத்தில் நிற்கிறார், எதிராளி உள்ளே வரும் நொடியில் குத்துகிறார். அந்தத் தூரக் கணக்கு எனக்கும் தெரிந்ததுதான், என் மாஸ்டர் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஒரு குத்து விழுந்ததும் மச்சிடா நிற்கவில்லை. எவன்ஸ் சாயும் வரை தொடர்கிறார்.

8 பிப்ரவரி, சனி

மாஸ்டரைப் பார்த்துப் பேசினேன். கோபப்படுவார் என்று பயந்துகொண்டே போனேன். ஒரு கை குத்தும்போது மற்றக் கையை இடுப்புக்கு இழுப்பதுதான் ஹிகிதே. "தம்பி, ஹிகிதே எதுக்கு? அவன் கையைப் பிடிச்சு இழுக்க. சும்மா இடுப்புல வெச்சுக்க இல்ல" என்றார். இத்தனை வருடம் வெறும் காற்றை இழுத்திருக்கிறேன்! கிளவுஸ் போட்டால் பிடிக்க வழியில்லை, அப்படியென்றால் அந்தக் கைக்கு இடம் என் தாடைதான், அதைக் காக்க.

மாலையில் ஸ்பாரிங். எதிராளி உள்ளே வந்தார், கியாகு சுகி விழுந்தது, இடது கை என் தாடையில் இருந்தது, உடனே அந்த இடது கையால் இன்னொரு குத்து. மூன்றாவது ரவுண்டில் களைத்ததும் கை மறுபடி இடுப்புக்குப் போய்விட்டது. சரி, திங்கட்கிழமை மறுபடி.