காவோலைக்குள் ஓர் ஈப்புலி

பிப்ரவரி 9, திசையன்விளை

தாத்தாவின் விளையில் அடுக்கிக் கிடந்த காவோலையை வேட்டி விரித்து உதறினேன். நிறைய எறும்பு, ஒரு பல்லிமுட்டை, அப்புறம் 3 ஈப்புலி, அதாவது வலை கட்டாமல் தாவி இரை பிடிக்கும் குட்டிச் சிலந்தி. 2 பெண், ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. மூன்றாவது ஆண், இன்னும் பருவத்துக்கு வரவில்லை. புது இனம் தேடுகிறவர்கள் மாஞ்சோலைப் பக்கம் மலையேறுவார்கள். எனக்குப் பனைவிளைதான் வாய்த்தது.

பிப்ரவரி 10, பாளையங்கோட்டை

முன்வரிசையில் 4 கண், நடுவில் இரண்டு கார் விளக்கு மாதிரி. ஈப்புலி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அதை வைத்து இனம் பிரிக்க முடியாது. நிறத்தையும் நம்ப முடியாது, ஆல்கஹாலில் போட்டால் வெளிறிவிடும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துக்கொண்டேன்: சாம்பல் முதுகு, நடுவே ஓலை நிறத்தில் ஒரு பட்டை.

அடையாளம் பெண்ணின் வயிற்றடியில் இருக்கும் இனப்பெருக்கத் தட்டில்தான். அதை வெட்டியெடுத்து, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய கிராம்புத் தைலத்தில் ஊறவைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சுருண்ட குழாய்கள் துலங்கின. ஆய்வகம் முழுக்கப் பல்வலி வாசனை என்றார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைட்.

பிப்ரவரி 17

பெர்ன் அருங்காட்சியகத்தின் உலகச் சிலந்திப் பட்டியலோடு ஒரு வாரம் போயிற்று. 2022இல் அதில் 50,000ஆவது இனம் ஏறியது. அதுவும் ஒரு ஈப்புலி, தென் அமெரிக்காவில். ஈப்புலிகளே 6,000க்கு மேல். புதுசு என்று சொல்லிவிடலாம். ஆனால் இது சேர்கிற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து ‘இது அது இல்லை’ என்று காட்ட வேண்டும். பழைய விவரிப்புகளில் சில நாலு வரிதான், படமும் கிடையாது. எழுதியவர்களைத் திட்டிக்கொண்டே படித்தேன்.

மார்ச் 3

ஆண் சாப்பிட மாட்டேன் என்கிறான். வாழைப்பழத் தோலில் வளர்த்த பழ ஈ பக்கத்தில் வந்து நின்றாலும் திரும்பவில்லை. டப்பா மூலையில் வெள்ளை நூலில் கூடு கட்டிப் படுத்திருக்கிறான். முகத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு உணர்கால்களும் உருண்டையாக வீங்கியிருக்கின்றன. ஆணின் இன அடையாளமாக உள்ளே இருக்கும் முள்ளும் ஊசியும் கடைசித் தோல் உரிந்தால்தான் தெரியும். உரிக்காமல் செத்தால் விவரிப்பில் பாதி போச்சு. பஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி 2 மணிக்கு எழுந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

மார்ச் 6

உரித்துவிட்டான்! பழைய தோல் கூட்டிலேயே கிடக்கிறது, கால் 8ம் முழுசாக. அவசரப்படக் கூடாது, உடம்பு கெட்டிப்பட வேண்டும்.

மார்ச் 14

இடது உணர்காலைத்தான் வரைவது வழக்கம். மூன்று தடவை அழித்து வரைந்தேன். ஊசி ஒன்றரைச் சுற்று சுற்றுகிறது. பக்கத்து முள் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. இந்தப் பேரினத்தில் நான் பார்த்த படம் எதிலும் அந்தப் பிளவு இல்லை. கைட் லென்ஸில் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். “ஆண் ஒண்ணுதானாம்மா? இன்னும் ரெண்டு கொண்டு வா. இது ஒத்தை ஆளோட ஊனமா, இனத்தோட அடையாளமான்னு யாராவது கேப்பாங்க.”

மார்ச் 16, திசையன்விளை

பதநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பு எரிகிறது. காவோலை அடுக்கில் பாதியைக் காணோம்.

“ஏட்டி, கருப்பட்டி காய்ச்ச வேற எதத்தான் எரிக்கச் சொல்லுத?” என்றார் தாத்தா.

நியாயம்தான். மிச்சத்தை ஒவ்வொரு ஓலையாக உதறி உதறி அடுப்புக்குக் கொடுத்தேன். 42 ஓலையில் ஓர் ஆண். இன்னொன்று வேண்டும்.