வேண்டாத டொமைனுக்கு ஏன் ஆண்டுதோறும் காசு கட்டுகிறார்கள்?

கூகுளின் ஆங்கிலப் பெயரில் இரண்டு 'ஓ' உண்டு. அதில் ஒன்றை விட்டுவிட்டு .காம் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். கூகுளுக்கே போய்ச் சேர்வீர்கள். மூன்று 'ஓ' போட்டாலும் அப்படித்தான். இது பிரவுசரின் சாமர்த்தியம் இல்லை. அந்தத் தப்பான பெயர்களையும் கூகுளே காசு கொடுத்து வாங்கி, தன் வாசலுக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. விளம்பரத்தில் வராத, விசிட்டிங் கார்டில் ஏறாத இப்படிப்பட்ட பெயர்கள் பெரிய நிறுவனங்களிடம் நூற்றுக்கணக்கில் கிடக்கும், சிலவற்றிடம் ஆயிரக்கணக்கில். தொழிலில் இதை 'டிஃபென்சிவ் ரெஜிஸ்ட்ரேஷன்' என்பார்கள். தமிழில் தற்காப்புப் பதிவு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் காரணம் வெறும் கூட்டல் கழித்தல்தான். ஒரு .காம் பெயருக்கு, .காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் வாங்கும் மொத்தவிற்பனை விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. அதே பெயரை வேறொருவர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டால், திரும்பப் பெற யுடிஆர்பி என்ற வழக்குமுறை இருக்கிறது. உலக அளவில் டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்தது. வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பில் மனுப் போட, ஐந்து பெயர் வரைக்கும், ஒரு நடுவர் போதும் என்றால் 1,500 டாலர். மூன்று நடுவர் வேண்டும் என்றால் 4,000. வக்கீல் செலவு தனி. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 20 நாள். எல்லாம் முடிய இரண்டு மாதம் போல ஓடிவிடும். ஜெயித்தாலும் பெயர்தான் கைக்கு வரும், நஷ்டஈடு கிடையாது. அந்த 1,500 டாலரை வைத்து, அந்த மொத்தவிற்பனை விலையில், ஒரு பெயரை 146 ஆண்டு வைத்திருக்கலாம்.

வழக்குப் போட்டால் ஜெயிப்போம் என்ற உறுதியும் இல்லை. பெயர் தங்கள் வணிகக்குறியோடு (டிரேட்மார்க்) குழப்பிக்கொள்ளும்படி இருக்கிறது, வாங்கியவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார் என மூன்றையும் நிரூபிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மனு தள்ளுபடி. அமெரிக்காவில் நிசான் என்ற குடும்பப்பெயர் கொண்ட ஒருவர் தன் கம்ப்யூட்டர் கடைக்காக நிசான்.காம் பெயரை 1994-லேயே எடுத்து வைத்திருந்தார். கார் நிறுவனம் 1999-ல் கோர்ட்டுக்குப் போய், பல ஆண்டு இழுத்தும் பெயரைப் பறிக்க முடியவில்லை. சொந்தப் பெயரில் கடை வைத்திருப்பவரிடம் என்ன கெட்ட எண்ணத்தைக் காட்டுவது?

அப்படியானால் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடலாமே? எட்டெழுத்துப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓரெழுத்து விடுபட 8 வழி. ஓரெழுத்து இரட்டிக்க 8. பக்கத்துப் பக்கத்து எழுத்து இடம் மாற 7. விசைப்பலகையில் பக்கத்து விசையைத் தட்டிவிட, ஓரெழுத்துக்குச் சராசரி ஐந்து அண்டை என்றால் 40. ஆக 63. இது .காம் ஒன்றுக்கு மட்டும். இன்று .காம், .இன் போன்ற பின்னொட்டுகள், அதாவது மேல்நிலை டொமைன்கள், 1,400-க்கு மேல் இருக்கின்றன. பெருக்கினால் 88,000-ஐத் தாண்டும். பத்து டாலர் வீதம் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் டாலர். இது ஏட்டுக் கணக்குதான். ஆனால் 'எல்லாவற்றையும்' என்ற பேச்சுக்கு இது போதும் பதில். 'லாகின்', 'சப்போர்ட்', 'கேஒய்சி' என்று முன்னும் பின்னும் சொல் ஒட்டும் பெயர்களை இதில் சேர்க்கவே இல்லை. அவற்றுக்கு எல்லையே கிடையாது.

ஆகவே வேலையே எதை வாங்குவது என்று தேர்வு செய்வதில்தான் இருக்கிறது. இங்கேதான் பலர் பழைய கணக்கில் நிற்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முன் தப்பான பெயரால் வந்த பெரிய இழப்பு, தட்டுத் தடுமாறி வரும் ஆளை விளம்பரப் பக்கம் கொத்திக்கொண்டு போவது. இப்போது முகவரியை முழுதாகத் தட்டுபவர்கள் குறைவு, தேடித்தான் போகிறார்கள். மெயில் முகவரியை மட்டும் இன்னும் கையால்தான் தட்டுகிறோம். தப்பான பெயருக்குப் போன மெயில் அங்கே யாரும் சர்வர் வைத்திருக்காவிட்டால் திரும்பி வரும். வைத்திருந்தால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது.

2011-ல் கொடாய் குழுமம் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதைச் செய்து காட்டியது. பெரிய நிறுவனங்கள் நாட்டுக்கு ஒரு துணைப்பெயர் வைத்திருக்கும்: 'யுகே' புள்ளி 'கம்பெனி' புள்ளி 'காம்' என்கிற மாதிரி. முதல் புள்ளியை அடிக்க மறந்தால் 'யுகேகம்பெனி.காம்'. அது வேறு யாரும் வாங்கக்கூடிய தனிப் பெயர். அப்படிப் புள்ளி விழுந்த பெயர்கள் சிலவற்றை எடுத்து மெயில் சர்வரைத் திறந்து வைத்தார்கள். ஆறு மாதத்தில் 1,20,000 மெயில், 20 ஜிபி. யாரையும் ஏமாற்றவில்லை, ஒரு மெயிலும் அனுப்பவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அமெரிக்க ராணுவத்தின் .மில் என்ற பின்னொட்டில் 'ஐ' விடுபட்டால் மாலி நாட்டின் .எம்எல். மாலியின் டொமைனை ஒப்பந்தத்தில் நிர்வகித்துவந்த டச்சுக்காரர் ஒருவர், 2023 ஜனவரியிலிருந்து சில மாதங்களில் இப்படித் தவறி வந்த மெயில்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்ததைச் சொன்னபோதுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. இதில் தற்காப்புப் பதிவு ஓரளவுக்குமேல் உதவாது. ஒரு நாட்டின் பின்னொட்டையே விலைக்கு வாங்க முடியாதே. வெளியே போகும் மெயிலைத் தங்கள் சர்வரிலேயே அந்தப் பின்னொட்டுக்குத் தடுத்துவைப்பதுதான் வழி.

என் கணிப்பில் வாங்க வேண்டிய வரிசை இப்படி: முதலில், புள்ளி விழுந்த துணைப்பெயர்கள். அடுத்து .காம் பெயரின் எழுத்து விடுபட்ட, இடம் மாறிய வடிவங்கள். பிறகு கண்ணை ஏமாற்றுபவை: 'ஆர்', 'என்' இரண்டையும் நெருக்கி எழுதினால் 'எம்' மாதிரி தெரியும், சிறிய 'எல்'லும் எண் ஒன்றும் பல எழுத்துருவில் இரட்டைப் பிள்ளைகள். அதன்பின் வியாபாரம் நடக்கும் நாடுகளின் பின்னொட்டுகள், கூடவே .கோ, .சிஎம், .ஓஎம் (.காம் என்பதில் ஓரெழுத்து விழுந்தால் இந்த மூன்றுதான் மிஞ்சும்). மற்றதை வாங்காமல் கண்காணித்தால் போதும். டிஎன்எஸ்ட்விஸ்ட் என்ற இலவசக் கருவி இந்த வடிவங்களையெல்லாம் தானே உண்டாக்கி, எவை பதிவாகியிருக்கின்றன என்று காட்டிவிடும். அதில் முதலில் பார்க்க வேண்டியது எம்எக்ஸ் பதிவு, அதாவது அந்தப் பெயருக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு. வெப்சைட் இல்லாமல் மெயில் சர்வர் மட்டும் வைத்திருக்கும் ஒப்புமைப் பெயர் எதற்கோ தயாராகிறது என்று அர்த்தம்.

கண்ணை ஏமாற்றும் சங்கதி ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. 2017-ல் ஓர் ஆராய்ச்சியாளர் ஆப்பிள் என்ற பெயரை முழுக்க சிரிலிக் (ரஷ்ய மொழி எழுதும்) எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். முகவரிப் பட்டையில் அசலிலிருந்து வேறுபாடே தெரியவில்லை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே பின்னொட்டுகள் இருப்பதால் நமக்கும் இது சொந்தப் பிரச்சினை. 'கௌரி' என்பதில் ஔகாரக் குறியைப் போடலாம். அல்லது 'கெ' அடித்து 'ள' அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வெவ்வேறு பெயர். தமிழில் டொமைன் எடுக்கும் நிறுவனம் பெயரில் 'ௌ' இருந்தால் இந்த இரண்டாம் வடிவத்தைப் பற்றி முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். புதுப் பெயரை அறிவித்த நிமிடத்தில் பதிவு செய்பவர்கள் ஏற்கெனவே தாமதம். வணிகக்குறி விண்ணப்பங்கள் பொதுப் பட்டியலில் ஏறுகின்றன; அதையே மேய்ந்து பெயர் பிடிப்பவர்கள் உண்டு. அதனால் விவரமறிந்த நிறுவனங்கள் விண்ணப்பத்துக்கு முன்பே, மார்க்மானிட்டர், சிஎஸ்சி போன்ற கார்ப்பரேட் ரெஜிஸ்ட்ரார் (நிறுவனங்களுக்கு டொமைன் பதிவு செய்து தருபவர்) வழியாக, தங்கள் பெயர் வெளியே தெரியாமல் எடுத்துவிடுகிறார்கள். இணைப்புப் பேச்சு என்றால் இரண்டு பெயரையும் முன்பின்னாக ஒட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் சேரப்போகின்றன என்று ஊகித்த டெல்லி டெவலப்பர் ஒருவர் ஜியோஹாட்ஸ்டார்.காம் பெயரை முன்கூட்டியே எடுத்துவைத்து, 2024 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டது ஞாபகமிருக்கும். அத்தனை பெரிய பேரத்துக்கு நடுவே சில நூறு ரூபாய் வேலை விட்டுப்போயிருந்தது.

சில சமயம் புதுப் பெயர் எடுப்பதே தப்பு. 2017 செப்டம்பரில் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் 14 கோடிக்கு மேற்பட்டவர்களின் தகவல் களவு போனதை அறிவித்தபோது, ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017.காம் என்று புதுச் சைட் தொடங்கியது. ஒருவர் சொற்களை முன்பின் மாற்றி செக்யூரிட்டிஈக்விஃபேக்ஸ்2017.காம் எடுத்து, 'இவ்வளவு எளிதில் போலி செய்யக்கூடிய பெயரை ஏன் வைத்தார்கள்?' என்ற பொருளில் தலைப்புப் போட்டார். ஈக்விஃபேக்ஸின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களுக்கு அந்தப் போலி முகவரியைப் பலமுறை கொடுத்தது. ஏற்கெனவே இருக்கும் பெயருக்குக் கீழே ஒரு துணைப்பெயர் வைத்திருந்தால் தற்காப்புக்கு எதையுமே வாங்கியிருக்க வேண்டாம்.

இனி, வாங்கியபின் செய்ய வேண்டியது. வாங்கிச் சும்மா போட்ட பெயரும் ஓட்டைதான். அந்தப் பெயரிலிருந்து வருவதுபோல் யாரும் மெயில் அனுப்பலாம். எந்தச் சர்வர்கள் அந்தப் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப் பதிவு. மெயிலுக்குப் பயன்படுத்தாத டொமைனில் அந்தப் பதிவில் பதிப்பு எண்ணுக்கு அடுத்து '-ஆல்' மட்டும் இருக்க வேண்டும்: எந்தச் சர்வருக்கும் அனுமதியில்லை என்று பொருள். சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கை 'ரிஜெக்ட்'. எம்எக்ஸ் பதிவில் முன்னுரிமை 0, சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைப் புள்ளி. 2015-ல் தரமாக்கப்பட்ட இந்த 'நல் எம்எக்ஸ்' இருந்தால் தவறி அனுப்பியவருக்கு மெயில் உடனே திரும்பும், அவரும் திருத்திக்கொள்வார். எல்லா மெயிலையும் வாங்கிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். அடுத்தவர் தகவலைச் சேர்த்துவைக்கும் பொறுப்பும் கூடவே வரும். சட்டப் பிரிவைக் கேட்காமல் செய்யக்கூடாது. டிமார்க் அறிக்கைகளை வேறு டொமைனுக்கு அனுப்பச் சொன்னால், அறிக்கையைப் பெறும் டொமைனிலும் அதற்கு ஒப்புதல் பதிவு வேண்டும். இதை மறந்துவிட்டு 'அறிக்கையே வரவில்லை' என்று தேடுபவர்கள்தான் அதிகம்.

தற்காப்புப் பெயரிலிருந்து அசல் சைட்டுக்கு ரீடைரக்ட் வைத்தால் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் வேண்டும். பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ் வழியே முதலில் முயல்வதால், சான்றிதழ் இல்லாத தற்காப்புப் பெயர் வாடிக்கையாளருக்குச் சிவப்பு எச்சரிக்கையைக் காட்டிவிடலாம். காட்டினால் வாங்கியதன் பலன் அங்கேயே போச்சு. எந்த அமைப்பு சான்றிதழ் தரலாம் என்பதை சிஏஏ பதிவில் ஒன்றுக்கு மட்டும் சுருக்கிவிடுவது நல்லது.

புதுப்பித்தலில்தான் பெரிய தலைகளே உருண்டிருக்கின்றன. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் லாகின் சேவையின் பாஸ்போர்ட்.காம் பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் போனது. சம்பந்தமே இல்லாத ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டி மீட்டார். முதன்மைப் பெயருக்கே இந்த நிலை என்றால், யாரும் பார்க்காத நானூறாவது தற்காப்புப் பெயருக்கு? கார்டு காலாவதி ஆகியிருக்கும். நினைவூட்டல் மெயில் வேலையை விட்டுப்போனவர் பெட்டிக்குப் போகும். இதைவிட வேடிக்கை, காலாவதியாகப்போகும் அதே டொமைனின் மெயிலையே தொடர்பு முகவரியாகக் கொடுத்திருப்பது. .காம் பெயர் காலாவதியானால் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள், பிறகு 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அது முடிந்த நொடியில் தானியங்கிக் கருவிகள் கவ்விக்கொள்ளும்.

புதுப்பித்தும் பறிபோகலாம். டொமைன் ரெஜிஸ்ட்ராரிடம் பத்திரமாக இருக்கும். ஆனால் அது கைகாட்டும் டிஎன்எஸ் சேவையில் (பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் சேவை) கணக்கை மூடியிருப்பார்கள். அதே சேவையில் வேறொருவர் புதுக் கணக்குத் திறந்து 'இந்த டொமைன் என்னுடையது' என்று சேர்த்துக்கொண்டால், சில சேவைகள் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்கின்றன. 2024-ல் 'சிட்டிங் டக்ஸ்' என்று பெயர் பெற்ற தாக்குதல் இதுதான்.

இந்தச் செலவையே வியாபாரமாக்கியவர்களும் உண்டு. 2015-ல் .சக்ஸ் பின்னொட்டு (ஆங்கிலத்தில் 'மோசம்' என்று திட்டும் சொல்) வந்தபோது, வணிகக்குறி வைத்திருப்பவர்கள் மற்றவர்களுக்கு முன்பே எடுத்துக்கொள்ள விலை 2,499 டாலர். திட்டு வாங்காமலிருக்கக் கப்பம் கட்டு என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இதற்கு நேரெதிர் வழி, வாடிக்கையாளரை மூடிய பின்னொட்டு ஒன்றுக்குப் பழக்குவது. ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் .பேங்க்.இன் பெயருக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது அதற்காகத்தான். ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி ஒன்றுதான் அங்கே பெயர் கொடுக்கும், வங்கிகளுக்கு மட்டும் கொடுக்கும். ஆனால் மாறிய வங்கி தன் பழைய .காம் பெயரை விட்டுவிட முடியாது. அதுவே இனி அதன் முதல் தற்காப்புப் பெயர்.

ஏனென்றால் கைவிடுவது வாங்குவதைவிடக் கடினம். பழைய பெயரிலுள்ள மெயில் முகவரியில் எத்தனை வெளிக் கணக்குகள் திறந்திருக்கின்றன என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அந்தப் பெயரைப் புதிதாக வாங்குபவர் ஒரு மெயில் சர்வரைத் திறந்து 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' அழுத்தினால் போதும். விடத்தான் வேண்டுமென்றால், அந்த முகவரிகளில் இருக்கும் கணக்குகள் ஒவ்வொன்றையும் மாற்றி, மற்ற டொமைன்களின் எஸ்பிஎஃப் பதிவிலும் உள்சர்வர்களின் அனுமதிப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று துழாவி எடுத்து, பன்னிரண்டு மாதம் மெயில் வரத்தைக் கவனிக்க வேண்டும். அதற்குள் ஒரு வாடிக்கையாளரின் தகவல் வந்தாலும், .காம் பெயருக்கு அனுமதிக்கப்படும் உச்சமான பத்தாண்டுக்குப் புதுப்பித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவதுதான் மலிவு.