ஆகஸ்ட் 1இல் தொடங்கும் நீர்க்கணக்கு

எகிப்தின் அஸ்வான் உயர் அணையில் ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் புதுக்கணக்கு. எத்தியோப்பிய மேட்டுநிலத்து மழைநீர் நீல நைல் வழியாக வந்து சேரும் காலம் அது. அதற்குள் அணை தேக்கிவைத்திருக்கும் நாசர் ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 175 மீட்டருக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேலுள்ள இடம் வெள்ளத்துக்கு. 147 மீட்டருக்குக் கீழே வண்டலுக்கு விட்டது. நடுவிலுள்ள சுமார் 90 கன கிலோமீட்டர்தான் புழங்கும் நீர்.

பல்நோக்கு அணை என்று எழுதிவிடலாம். அந்த நோக்கங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. வெள்ளத்தை வாங்க ஏரியில் இடம் வேண்டும், மின்சாரத்துக்கோ மட்டம் உயரமாக வேண்டும். 175 மெகாவாட் டர்பைன்கள் 12 இருந்தாலும் எவ்வளவு திறப்பது என்பதில் பாசனத்தின் கைதான் ஓங்கும். கோடையில் நெல்லும் பருத்தியும் கேட்கும்போது மின்சாரம் கூடும். ஜனவரியில் வாய்க்கால் பராமரிப்புக்கு அடைத்தால் குறையும். ஒரே நாளுக்குள் வரும் ஏற்ற இறக்கத்தை, சில கிலோமீட்டர் கீழேயுள்ள 1902ஆம் ஆண்டின் பழைய அணை வாங்கிச் சமன்செய்து அனுப்பும். அதை யாரும் பாராட்டுவதில்லை.

1988 ஜூலையில் வறட்சியால் மட்டம் 150 மீட்டரை ஒட்டி வந்தது. 147ஐத் தொட்டால் டர்பைன்களை நிறுத்தியாக வேண்டும். அடுத்த மாதம் சூடான் தலைநகர் கார்ட்டூமை மூழ்கடித்த மழைக்காலம்தான் இங்கே ஏரியைத் தூக்கிவிட்டது. பத்தே ஆண்டில் நிலைமை தலைகீழ்: 178 மீட்டரைத் தாண்டிய உபரிநீர் தோஷ்கா கால்வாய் வழியாகப் பாலைவனப் பள்ளங்களுக்குள் பாய்ந்தது.

நிரம்பிய ஏரிக்கு வெயில் வரி விதிக்கும். நைல் நீரைப் பங்கிட்ட 1959 ஒப்பந்தம் ஆண்டுக்கு எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5 என்று பிரித்தபோதே, ஆவியாதல் முதலிய இழப்புக்கு 10 கன கிலோமீட்டரைக் கழித்துவிட்டது. நம் கணக்கில் சுமார் 350 டிஎம்சி! 'கோர்' எனப்படும் ஆழமற்ற பக்கவாட்டுக் கிளைகளும் இதற்கு ஒரு காரணம். மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் நீர் அவற்றுக்குள் அகலமாகப் பரவிவிடும்.

வண்டல் பெரும்பாலும் ஏரியின் தலைப்பகுதியில், சூடான் பக்கமே படிந்துவிடுகிறது. டெல்டா வயல்களுக்கு அது போய்ச் சேருவதில்லை. கடலோரம் அரிக்கப்படுவதும் அதனால்தான்.

அணைக்கரை 111 மீட்டர் உயரம், அடியில் 980 மீட்டர் அகலம். பாறையும் மணலும் கொட்டி நடுவே களிமண் வைத்தது. ஆற்றுக்கடியில் 200 மீட்டருக்கு மேல் மணலும் வண்டலும் கிடப்பதால், துளையிட்டுக் கலவை செலுத்தி நீரைத் தடுக்கும் ஒரு திரை எழுப்பியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கரையில் கசிவு இருக்கத்தான் செய்யும். அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். திரைக்கு முன்னும் பின்னும் நீரழுத்தமானிகள் காட்டும் வித்தியாசத்தை ஏரிமட்டத்தோடு சேர்த்து வரைய வேண்டும். ஏரி ஏறாமலே பின்பக்க அழுத்தம் ஏறினால் திரையில் ஏதோ வழி திறந்திருக்கிறது. கசிவுநீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஒரு மணிநேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பது பழைய முறைதான், ஆனால் நம்பலாம். நிறைய வந்தாலும் தெளிவாக இருந்தால் பதற வேண்டாம். கொஞ்சமே வந்து, அடியில் மெல்லிய களிமண் படலம் தெரிந்தால் அன்றே மேலே சொல்லிவிட வேண்டும்.